அடுத்த சனிக்கிழமை என்ன பாட்டு?

உறையூர் சாலை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் தறிச் சத்தம் கேட்காத தெரு அன்றைக்குக் குறைவு. அப்படியொரு தெருவில், ஒரு மாடியறையில் எங்கள் கிட்டார் வகுப்பு. கீழ்வீட்டில் சுருட்டு சுற்றுவார்கள். வெல்லம் கலந்த புகையிலை வாடை மாடிப்படியில் கூடவே ஏறி வரும். சர்ச்சிலுக்குப் போனது எங்க ஊர்ச் சுருட்டுதான் என்று சொல்லாத பெரியவர் அந்தப் பக்கம் கிடையாது.

கிட்டார் கற்க வரும் பையன் எவனும் முதலில் கேட்பது ‘இளைய நிலா’. 1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்த பிறகு திருச்சியில் பாதி கிட்டார்கள் அந்தப் பாட்டுக்காகவே வாங்கப்பட்டிருக்கும். மாஸ்டர் சிரிப்பார். “விரல் முதல்ல திருந்தட்டும் தம்பி” என்று சொல்லிவிட்டு ஈகிள்ஸ் கேசட்டைப் போடுவார்.

1976 டிசம்பரில் வெளியான ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ ஆல்பம் அது. மெயின்கார்டு கேட் பக்கத்து ரெக்கார்டிங் கடையில் டிடிகே 90இல் பதிந்து வாங்கியது. ஒரு பக்கம் 45 நிமிடம். ஆல்பம் 43 நிமிடச் சொச்சம். ஒரே பக்கத்தில் கச்சிதமாக அடங்கிவிடும். மறுபக்கம் பிங்க் ஃபிளாய்ட். கடைக்காரர் அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக்கொடுத்த ஒன்பது பெயர்கள்தான் எங்கள் பாடத்திட்டம். ஆனால் மாஸ்டர் அந்த வரிசையில் போகமாட்டார். அடுத்த வாரம் எது என்று வாயும் திறக்கமாட்டார். ஆகவே பந்தயம். தோற்றவன் மைக்கேல் கடையில் ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டும்.

துப்பு, அவர் தரும் விரல் பயிற்சியில் இருக்கும். ஒரு வாரம் முழுக்க ஈ மைனரிலிருந்து பி செவனுக்குத் தாவச் சொன்னார். கூடவே, “பென்சிலும் ரப்பர் பேண்டும் எடுத்துட்டு வாங்கடா” என்றார். தந்திகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கும் கேப்போ வாங்க எங்களிடம் காசு ஏது? ஏழாவது ஃப்ரெட்டின் குறுக்கே பென்சிலை வைத்து, பின்னால் ரப்பர் பேண்டால் இறுக்கினால் அதே வேலை நடக்கும், பாதி தந்திகள் கரகரத்தாலும். அந்த இடத்தில் ஈ மைனர் பிடித்தால் வருவது பி மைனர். ஆல்பத்தின் முதல் பாட்டே அதில்தான் தொடங்குகிறது. ரெக்கார்டிங்கில் ஈகிள்ஸின் டான் ஃபெல்டரும் பன்னிரண்டு தந்திக் கிட்டாரில் ஏழாவது ஃப்ரெட்டில்தான் கேப்போ போட்டு வாசித்திருக்கிறார். பென்சில் என்றதும் பாட்டைச் சொன்னவன் அன்று ஜெயித்தான்.

இன்னொரு முறை, மேலும் கீழும் ஓடும் ஒரு முரட்டுப் பயிற்சியைக் கொடுத்து விரலைப் புண்ணாக்கினார். நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. மறுவாரம் பார்த்தால் அது ‘லைஃப் இன் தி ஃபாஸ்ட் லேன்’ பாட்டின் தொடக்கம்! அதே குழுவின் ஜோ வால்ஷ் அதைக் கைச்சூட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் மற்றவர்கள் அதில் பாட்டைக் கண்டார்கள் என்று வெகுகாலம் கழித்துப் படித்தேன். மாஸ்டருக்கு அது தெரிந்திருக்குமோ என்னவோ.

‘வேஸ்டட் டைம்’ பாட்டின் மறுபகுதியைச் சொன்ன ஒரு மகானும் எங்களில் உண்டு. ஒன்றரை நிமிடம்கூட வராத வெறும் வயலின் கூட்டம் அது. கேசட்டைக் கேட்காமலே பந்தயம் கட்டியவன்!

தறிச் சத்தத்துக்கு நாங்கள் காலைத் தட்டினால் மாஸ்டருக்குக் கோபம் வரும். “அது நூல் அறுந்தா நிக்கும், நீ நிக்கக் கூடாது.” எந்த மெட்ரோனோமும் எனக்கு இவ்வளவு சொல்லித்தந்ததில்லை. இப்போது அந்தத் தெருவில் தறிச் சத்தம் இல்லை. கேசட் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். யூட்யூபில் கற்கும் என் அண்ணன் மகனுக்கு அடுத்த பாடத்தைத் திரையே காட்டிவிடுகிறது. அவன் நன்றாகத்தான் வாசிக்கிறான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எட்டுக் கார்டு தெரிந்த கைக்கு எந்தப் பாட்டு எட்டும், எது எட்டாது என்று காதாலேயே கணக்குப் போட்ட அந்த ஒரு வாரக் காத்திருப்பு அவனுக்குக் கிடைக்கவில்லை.

கடைசிப் பாட்டான ‘தி லாஸ்ட் ரிசார்ட்’ எங்களுக்கு வரவே இல்லை. “பியானோவில ஆரம்பிக்கிற பாட்டுடா, விடு” என்றார். அதற்குள் வகுப்பே கலைந்தது; ஆளுக்கொரு ஊர்.

கடைசிச் சனிக்கிழமை அவர் கொடுத்தது, ஒவ்வொரு தந்தியாகப் பிரித்து மீட்டும் பயிற்சி. அது ‘ட்ரை அண்ட் லவ் அகெய்ன்’ பாட்டுக்கு என்று எங்களில் துபாய்க்குப் போனவன் இன்றும் சாதிக்கிறான். ‘இளைய நிலா’ என்பது என் கட்சி. ஐஸ்கிரீம் கணக்கு நிலுவையில்தான் இருக்கிறது.