மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே

அன்புள்ள மல்லிகாவுக்கு,

"பேசாம மாத்திரையை விட்டுடலாம்னு இருக்குக்கா" என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசு நிலைகொள்ளவில்லை. போனில் அரைகுறையாகப் பேசுகிற விஷயமில்லை இது. எழுதினால் நிதானமாகப் படிப்பாய்.

கழுத்திலிருந்து குப்பென்று ஏறும் காந்தல், ரவிக்கை தொப்பலாக நனைவது, வேர்வை காய்வதற்குள் குளிரெடுப்பது, பிறகு விடியும்வரை தூக்கமில்லாமல் கிடப்பது எல்லாம் எனக்குத் தெரியும். கீமோ வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்கள் நாம். உன்னிடம் "பொறுத்துக்கோ" என்று சொல்ல எனக்கு வாய் வராது. பொறுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

உன் மாமியார் அன்போடுதான் இளநீரும் மோரும் தருகிறார். குடி. ஆனால் இது வயிற்றுச் சூடு இல்லை. ஈஸ்ட்ரோஜன் திடீரென்று குறைந்ததும், உடம்பின் வெப்பத்தைக் கவனிக்கும் மூளைப் பகுதி தடுமாறுகிறது. இம்மியளவு சூடு கூடினாலே உடம்பு கொதிப்பதாக எடுத்துக்கொண்டு, ரத்தக் குழாய்களை விரித்து வேர்க்க வைக்கிறது. கீமோ நம் சினைப்பையை முடக்கியது. மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரோஜனும் மார்பில் வேலை செய்யாதபடி டமாக்ஸிஃபென் தடுக்கிறது. அதற்காகத்தானே சாப்பிடுகிறோம்! நம்மைப் போல ஹார்மோன் சார்ந்த புற்று வந்தவர்கள் 5 வருஷம் தொடர்ந்து சாப்பிட்டால், அந்த நோயால் இறக்கும் அபாயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இதை நீ இழக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

யாரோ ஹார்மோன் மாத்திரை போடச் சொன்னார்களாமே, அது நமக்கு ஆகாது. ஸ்வீடனில் மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை முடித்த பெண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2003-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். போட்டுக்கொண்டவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது.

ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கின்றன. வென்லஃபாக்ஸின் என்று ஒன்று. மனச்சோர்வுக்குத் தருவதுதான், ஆனால் குறைந்த அளவிலேயே இந்தக் காந்தலைப் பாதியளவுக்குக் குறைக்கக்கூடியது. அந்தச் சீட்டைப் பார்த்து வீட்டில் யாராவது ஏதாவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. ராத்திரித் தொல்லைதான் அதிகம் என்றால், படுக்கப்போகும்போது காபாபென்டின் தருவதுண்டு. பாராக்ஸெடின் மட்டும் வேண்டாம். டமாக்ஸிஃபென் உடம்பில் மருந்தாக மாறுவதையே அது தடுத்துவிடும். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும், சித்த வைத்தியரிடமே போனாலும், நீ சாப்பிடும் மாத்திரையின் பெயரை முதலில் சொல்.

ராத்திரி பருத்தி நைட்டி, தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர். சாயங்காலக் காப்பியை விட்டுப் பார். காந்தல் ஏறும்போது பதறாமல் மெதுவாக மூச்சு விடு. மனப்பயிற்சி தரும் ஆலோசகரிடம் போனால், காந்தல் வரும் எண்ணிக்கை அப்படியே இருந்தாலும் அது நம்மைப் படுத்தும் பாடு குறையும். உன் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடு. நடுராத்திரியில் ஏன் எழுந்து உட்காருகிறாய் என்று தெரியாமல் அவர் வேறென்னவோ நினைத்துப் பயப்படுவார்.

எந்த நேரம் வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டர் அவசரத்தில் இருந்தாலும் நோட்டைக் காட்டாமல் எழுந்து வராதே. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். அதுவரை ஒருநாள்கூட மாத்திரையை விடாதே.

உன் அக்கா