மாத்திரை வீடு தேடி வரும், சோறு வராது

1/ புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிறேன். போன வருஷம் ஒரு நைட் டூட்டி. ராத்திரி ரெண்டு மணிக்கு, அறுபது வயசைத் தாண்டின ஒருத்தரை 108-ல கொண்டு வந்தாங்க. சட்டையெல்லாம் வேர்வை, கூப்பிட்டா பதில் இல்லை. விரல்ல குத்திப் பார்த்தா சுகர் 38. டெக்ஸ்ட்ரோஸ் ஏத்தினதும் கொஞ்ச நேரத்துல கண்ணு முழிச்சார்.

2/ என்ன நடந்துச்சுன்னா, சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற சுகர் மாத்திரையைப் போட்டிருக்கார். வெளியில மழை, கடை சாத்தியாச்சு. பட்டினியோட படுத்துட்டார். பக்கத்து வீட்டுப் பையன் முனகல் சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கலைன்னா, நிலைமை வேற மாதிரி ஆகியிருக்கும்.

3/ "சம்சாரம் போய் நாலு மாசம் ஆச்சு சார். அவ இருந்த வரைக்கும் தட்டு முன்னாடி வந்துடும். எனக்கு சோறு வடிக்கக்கூடத் தெரியாது"ன்னார்.

4/ ரெண்டு வாரம் முன்னாடி அவர் என் ஓபிக்குத்தான் வந்திருந்தார். சுகர் எகிறியிருந்துச்சு. "பரோட்டாவை நிறுத்துங்க ஐயா, கட்டுப்பாடா சாப்பிடுங்க"ன்னு கண்டிச்சு, மாத்திரையைக் கூட்டி எழுதினவன் நான். வீட்ல யார் சமைக்கிறாங்கன்னு ஒரு வார்த்தை கேட்கலை. அது இன்னைக்கும் உறுத்துது.

5/ 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்ததுல இருந்து பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே போகுது. நல்ல விஷயம். ஆனா அந்த மாத்திரை வேலை செய்ய நேரத்துக்குச் சாப்பாடு வேணும். அதை அவங்கவங்கதான் செஞ்சுக்கணும்.

6/ நானும் யோக்கியன் இல்லை. ஹாஸ்டல் மெஸ், அப்புறம் பரோட்டா சால்னா, முட்டை மாஸ். முப்பது வயசு வரைக்கும் வெந்நீர் மட்டும்தான் வைப்பேன். குவார்ட்டர்ஸ் வந்ததும் வாங்கின நான்-ஸ்டிக் கல்லு ஒரே வருஷத்துல உரிஞ்சு போச்சு. அம்மா ஊர்ல இருந்து பழைய இரும்பு தோசைக்கல்லைத் தூக்கிட்டு வந்தாங்க.

7/ முதல் தோசை ஒட்டிக்கிச்சு. பத்தாவதும் ஒட்டிக்கிச்சு. "கல்லு இன்னும் பழகலடா"ன்னாங்க அம்மா. கழுவி, ஈரமில்லாம காய வெச்சு, லேசா எண்ணெய் தடவிச் சூடு பண்ணி, பாதி வெங்காயத்தால தேய்க்கணும். சூட்டுல எண்ணெய் கெட்டியாகி, கல்லு மேல மெல்லிசா ஒரு படலமாப் படியும். இதையே திரும்பத் திரும்பச் செஞ்சா தோசை தானா எழும்பி வரும். புளி, தக்காளி சேர்த்ததை அதுல சமைச்சா அந்தப் படலம் போயிடும். சோப்புல ஊறப்போட்டா துரு பிடிக்கும்.

8/ இரும்புச் சட்டிக்கு இன்னொரு லாபமும் உண்டு. எத்தியோப்பியாவுல குழந்தைகளை வெச்சு நடந்த ஒரு ஆய்வு 1999-ல லான்செட்ல வந்தது. அலுமினியப் பாத்திரத்துல சமைச்சதைச் சாப்பிட்டவங்களைவிட, இரும்புப் பாத்திரத்துல சமைச்சதைச் சாப்பிட்டவங்களுக்கு ஹீமோகுளோபின் நல்லா ஏறியிருந்துச்சு. தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல பாதிப் பேருக்கு மேல ரத்தசோகை. அதுக்காக டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திடாதீங்க. சமைச்சதையும் இரும்புச் சட்டியிலேயே விட்டு வைக்காதீங்க.

9/ புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நாலு சாமான் போதும்: ஒரு குக்கர், ஒரு இரும்புக் கல்லு, ஒரு நல்ல கத்தி, ஒரு மூடி போட்ட சட்டி. குக்கர்ல ரப்பர் தளர்ந்தா மாத்துங்க, விசில் போற ஓட்டையில அடைப்பு இருக்கான்னு பாருங்க. இந்த நாலையும் பார்த்து வெச்சுக்கிட்டா பல வருஷம் உழைக்கும்.

10/ முதல் மாசம் மூணே ஐட்டம்: சோறு, பருப்பு போட்ட கீரை, முட்டை. அதுக்கப்புறம் மாசம் ஒண்ணு சேர்த்துக்கிட்டே போங்க. நாமளே சமைச்சா உப்பும் எண்ணெயும் நம்ம கையில இருக்கும். ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு 5 கிராமுக்குள்ள உப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதாவது ஒரு டீஸ்பூன்.

11/ "ஆம்பளை அடுப்பங்கரையில நிக்கிறதா?"ன்னு கேட்கிறவங்களுக்கு: நம்ம மாவட்டத்து சின்ன வீரமங்கலத்துல ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018-ல வயக்காட்டுல அடுப்பு மூட்டி ஆரம்பிச்சதுதான் வில்லேஜ் குக்கிங் சேனல். 2021-ல ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டிட்டாங்க. ஊரே கைதட்டிப் பார்க்குது. நம்ம வீட்ல செஞ்சா மட்டும் கேவலமா?

12/ ஒரு எச்சரிக்கை: சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்களுக்குத் திடீர்னு வேர்வை, நடுக்கம், குழப்பம் வந்தா, நினைவு இருக்கும்போதே மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணில கரைச்சுக் கொடுங்க. 15 நிமிஷத்துல சரியாகலைன்னா இன்னொரு தடவை கொடுங்க. நினைவு இல்லைன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, உடனே 108.

13/ அந்த ஐயா போன மாசம் வந்தார். மாத்திரையைக் குறைச்சாச்சு. சுகர் இன்னும் முழுசா கட்டுக்குள்ள வரலை. ஆனா சீட்டை வாங்கிட்டு வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து கேட்டார்: "கீரைக்கு உப்பு எப்ப சார் போடணும்? முன்னாடியா, வெந்த பிறகா?"

பின்னாடி நாப்பது பேர் வரிசையில நின்னாங்க. இருந்தாலும் அதுக்கு நின்னு பதில் சொன்னேன்: "வெந்த பிறகு போடுங்க ஐயா, கொஞ்சமா."

இன்னைக்கு உங்க அப்பாவையோ மகனையோ கூப்பிட்டு ஒரு உலை வைக்கக் கத்துக் கொடுங்க.