மூக்கு தூக்கினா முடிஞ்சது கதை!

'வீட்டையே கட்டி இழுத்துக்கிட்டு ஊர் சுத்தப் போறோம்டா, வர்றியா?'னு அண்ணன் போன் பண்ணினப்போ, ஏதோ ஜோக் அடிக்கிறார்னுதான் நினைச்சேன். அண்ணன்னா பெரியப்பா பையன். அமெரிக்காவுல அரிசோனா மாநிலம், ஃபீனிக்ஸ்ல சாஃப்ட்வேர் வேலை. நான் பக்கத்துலயே டெம்பியில எம்.எஸ். படிச்சுக்கிட்டு, வாரக் கடைசியில அண்ணி சாம்பாருக்காக பஸ் ஏறுற ஜாதி!

போய்ப் பார்த்தா நிஜமாவே வீடு. கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் அடங்கின இருபது அடி நீள டிராவல் ட்ரெய்லர். ஆபீஸ் நண்பர்கிட்ட நாலு நாளைக்கு இரவல். இழுக்கப்போறது அண்ணனோட பிக்கப் ட்ரக். மார்ச் மாச லீவு, போற இடம் கிராண்ட் கேன்யன், சுமார் 370 கிலோமீட்டர். அண்ணன், அண்ணி, ஆறு வயசு வாண்டு, நான்... ஜாலியா கிளம்பிட்டோம்.

கிளம்புறதுக்கு முன்னாடி ரோட்டோரமா நின்னு ஒரு போட்டோ எடுத்தேன். ட்ரெய்லரோட மூக்கு கொஞ்சம் மேலே தூக்கி, 'டேக் ஆஃப்' ஆகப்போற பிளேன் மாதிரி இருந்துச்சு. 'சூப்பர் ஸ்டைல்'னு நினைச்சேனே தவிர, வாயைத் திறக்கலை. வண்டி விஷயத்துல அண்ணனுக்கே பாடம் எடுக்கிறதான்னு ஒரு தயக்கம். அந்த மௌனம் எவ்வளவு பெரிய தப்புன்னு ஒரு மணி நேரத்துல தெரிஞ்சது.

ஐ-17 நெடுஞ்சாலை. ஃபீனிக்ஸ் இருக்கிறது 1,100 அடி உயரத்துல. வடக்கே ஃப்ளாக்ஸ்டாஃப் சுமார் 7,000 அடி. நடுவுல ஏத்தமும் இறக்கமுமா மலைப்பாதை. ரெண்டு பக்கமும் கையைத் தூக்கி நிக்கிற சவாரோ கள்ளிகள். வாண்டு ஒவ்வொண்ணுக்கும் 'ஹாய்' சொல்லிக்கிட்டே வந்தா.

ப்ளாக் கேன்யன் சிட்டியை நெருங்குற நேரம், ஒரு சின்ன இறக்கம். வேகம் மணிக்கு 65 மைல். ராட்சச ட்ரக் ஒண்ணு எங்களை ஓவர்டேக் பண்ணுச்சு. அது கிளப்பின காத்து ட்ரெய்லரை லேசா ஒரு தள்ளு தள்ள... அவ்வளவுதான்! ட்ரெய்லர் வாலை இடது, வலதுன்னு ஆட்ட ஆரம்பிச்சுது. ரெண்டாவது ஆட்டம் முதலை விடப் பெருசு. மூணாவது அதையும் விடப் பெருசு. அண்ணன் பதறி பிரேக்கை மிதிச்சார். பின்னால இருந்த வீடு எங்களை முட்டித் தள்ள, பிக்கப்போட பின்பக்கமே வழுக்குச்சு. அண்ணி குழந்தையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு.

நல்லவேளை, அண்ணனுக்கு அந்த நொடி மூளை வேலை செஞ்சுது. பிரேக்ல இருந்து காலை எடுத்தார். ஆக்ஸிலேட்டரையும் தொடலை. ஸ்டீயரிங்கை நேரா பிடிச்சுக்கிட்டே, டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த சின்ன லீவரைத் தள்ளினார். ட்ரெய்லரோட சக்கரத்துக்கு மட்டும் தனியா பிரேக் போடுற கன்ட்ரோலர் அது. பின்னாலிருந்து யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி ட்ரெய்லர் நேரா வந்துச்சு. ஆட்டம் நின்னுது. காருக்குள்ள யாருமே பேசலை.

மெதுவா ஊர்ந்து மலையேறி, சன்செட் பாயின்ட் ஓய்வு நிறுத்தத்துல ஒதுங்கினோம். எதிர்ல பிராட்ஷா மலைத்தொடர். அருமையான காட்சி. யார் பார்த்தா? அண்ணன் கை நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல தன்னோட ட்ரெய்லரை நிறுத்தியிருந்த வெள்ளைக்காரத் தாத்தா ஒருத்தர், எங்க வண்டியைப் பக்கவாட்டுல ஒரு பார்வை பார்த்தார். "மூக்கு தூக்கியிருக்கே தம்பி! வாலாட்டுச்சா?" டாக்டர் முகத்தைப் பார்த்தே ஜுரம்னு சொல்ற மாதிரி!

டேப் எடுத்து அளந்தார். ட்ரெய்லர் பாடியோட முன் முனை தரையிலிருந்து 25 அங்குலம். பின் முனை 21. நாலு அங்குலம் பின்பக்கம் சாய்ஞ்சிருக்கு! அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்தார். தண்ணி கேன்கள், கிரில் அடுப்பு, அரிசி மூட்டை, எல்லாமே பின்பக்கக் கட்டிலுக்கு அடியில. வெளியே பின் பம்பர்ல ரெண்டு சைக்கிள் வேற. அடுக்கினது யாரு? சாட்சாத் நானேதான்.

தாத்தா எடுத்த கிளாஸ் இதுதான். ட்ரெய்லரோட மொத்த எடையில 10-லிருந்து 15 சதவிகிதம், இழுக்கிற வண்டியோட இரும்புக் குண்டு மேல அழுத்தணும். எங்களது சுமார் 2,000 கிலோ. அப்போ 200-லிருந்து 300 கிலோ. சுமை பின்னால போகப் போக இந்த அழுத்தம் குறையும். மூக்கு தூக்கினா இன்னும் கொஞ்சம் குறையும். பிடிமானம் இல்லாத ட்ரெய்லர், ஒரு தள்ளு கிடைச்சா ஊசல் மாதிரி ஆட ஆரம்பிச்சுடும். வேகம் கூடினா ஆட்டமும் கூடும்.

அண்ணனும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். இது எங்க ஊர் தாத்தா சொன்னதாச்சே! மாட்டு வண்டியில வைக்கோல் ஏத்துறப்போ கத்துவார்: "முன்பாரம் கொஞ்சம் இருக்கணும்டா. பின்பாரம் ஆச்சுன்னா நுகத்தடி மேலே தூக்கி மாட்டுக் கழுத்தை இறுக்கிடும்!" ரெண்டு பேருமே அந்த வண்டியில ஏறி வளர்ந்தவங்க. அதே பாடத்தை அரிசோனா பாலைவனத்துல, இன்னொரு தாத்தாகிட்ட மறுபடி படிக்க வேண்டியிருந்துச்சு.

அப்புறம் மளமளன்னு வேலை. முதல்ல சுமை. கேன்களும் அரிசியும் சக்கரத்துக்கு முன்பக்கம் போச்சு. சைக்கிள் ரெண்டும் பிக்கப் தொட்டிக்கு. அடுத்து சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன் ஜாக்கியை இறக்கி, ட்ரெய்லரைக் கழட்டினோம். குண்டு பொருத்தின இரும்புத் தண்டுல வரிசையா துளைகள் இருக்கு. பின்னை உருவி, மூணு துளை கீழே இறக்கி மாட்டினோம். திரும்ப இணைச்சு, பாதுகாப்புச் சங்கிலி ரெண்டையும் கொக்கிக்கு அடியில குறுக்கு நெடுக்கா போட்டோம். இணைப்பு கழண்டாலும் மூக்கு ரோட்டுல குத்தாம இந்தச் சங்கிலி தாங்கிக்கும். மறுபடி அளந்தா முன்னால இருபத்தொண்ணரை, பின்னால 22. "சமமா இருக்கணும். இல்லேன்னா மூக்கு இத்துனூண்டு தாழ்ந்திருக்கலாம். தூக்கவே கூடாது" என்றார் தாத்தா. இதைவிட கனமான ட்ரெய்லருக்குப் பாரத்தைப் பிக்கப்போட முன்சக்கரம் வரைக்கும் பகிர்ந்து கொடுக்கிற ஸ்பெஷல் கொக்கி வேணுமாம்.

அப்பதான் என் போட்டோவை அண்ணன்கிட்ட காட்டினேன். "காலையிலயே பார்த்தேண்ணா... சொல்லலை." திட்டுவார்னு நினைச்சேன். "நானும் பார்த்தேன்டா. லேட்டாகுதுன்னு விட்டுட்டேன்" என்றார். அண்ணி ரெண்டு பேரையும் பார்த்த பார்வை இருக்கே... அதுக்கு எந்த ஜாக்கியும் தாங்காது!

உண்மையான பரீட்சை அதுக்கப்புறம்தான். கேம்ப் வெர்டே நோக்கி இறங்குற நீண்ட சரிவு. கியரைக் குறைச்சு, 50 மைல் வேகத்துல இறங்கினோம். பெரிய ட்ரக்குகள் தாண்டிப் போச்சு. ட்ரெய்லர் சாதுவா பின்னால வந்துச்சு. ஃப்ளாக்ஸ்டாஃப் ட்ரக் ஸ்டாப் எடைமேடையில, ட்ரெய்லரோட ஒரு தடவை, அதைக் கழட்டிட்டு ஒரு தடவைன்னு பிக்கப்பை நிறுத்திப் பார்த்தோம். வித்தியாசம் 240 கிலோ. பாஸ்!

சாயங்காலம் கேன்யன் தெற்கு விளிம்பு. சுமார் ஒரு மைல் ஆழத்துக்கு பூமி பிளந்து, அடுக்கடுக்கா சிவந்து கிடக்கு. அதைப் பத்தி எழுத இந்தப் பக்கம் போதாது. கேம்ப்லயும் சமன் வேலை இருந்துச்சு. முதல்ல இடது வலது. தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில பிளாஸ்டிக் பலகை. அப்புறம் முன்பின். அதுக்கு முன் ஜாக்கி. தூங்க மட்டுமில்லை, அந்த ட்ரெய்லர் ஃப்ரிட்ஜுக்கும் சமதளம் முக்கியம். அதுல கம்ப்ரஸர் கிடையாது. சூட்டுல ஓடுற அம்மோனியா, சரிவுல நின்னா சரியா ஓடாது. உள்ளே அண்ணியோட இட்லி மாவு இருக்கே!

கடைசியா வாண்டு தன் பந்தைத் தரையில வெச்சா. உருளலை. "ஓகே சித்தப்பா!"

மறுநாள் காலையில கேன்யன் பார்த்துக்கிட்டே இட்லி சாப்பிட்டோம்.

நீங்க ட்ரெய்லர் இழுக்கலாம், இழுக்காமலும் போகலாம். ஆனா எந்த வண்டியா இருந்தாலும், கிளம்புறதுக்கு முன்னாடி பத்தடி தள்ளிப்போய் ஒரு பார்வை பாருங்க. ஏதாவது கோணலா பட்டா, ஓட்டுறது அண்ணனே ஆனாலும் வாயைத் திறந்து சொல்லிடுங்க. போட்டோ அப்புறம் எடுத்துக்கலாம்!