இரண்டு தூளுக்கு நடுவே

லூப் குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ‘வெளி தூள்தூளானது’ என்று ஒரு வரி. அப்பா தச்சர். “மரத்தூள் மாதிரின்னா, ரெண்டு தூளுக்கு நடுவுல இருக்கிறது என்னடா? அதுவும் இடம்தானே?” என்றார்.

பதில் தெரியவில்லை. அவரும் விடவில்லை, சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதே கேள்வி. அந்த வரி எங்கிருந்து வந்தது என்று தேடப் போனேன்.

1986-இல் இயற்பியலாளர் அபய் அஷ்டேகர் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைப் புதிய மாறிகளில் எழுதினார். அதன் மேல் கட்டி, 1995-இல் கார்லோ ரொவெல்லியும் லீ ஸ்மோலினும் பரப்பையும் கன அளவையும் கணக்கிட்டார்கள். ஒரு பரப்பை அளந்தால் குறிப்பிட்ட சில மதிப்புகள் மட்டுமே வரும் என்பது முடிவு. தூளைப் பற்றி அந்தக் கணக்கு பேசவில்லை.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். பரப்புக்கு மிகச் சிறிய மதிப்பு ஒன்று உண்டென்றால், அதை வேகமாகக் கடந்து போகிறவருக்கு என்ன தெரியும்? சார்பியல்படி நீளம் சுருங்கும், பரப்பும் சுருங்கும். அப்படியானால் அதைவிடச் சிறிய பரப்பு ஒன்று அவருக்குக் கிடைக்க வேண்டுமே! மூன்று வாரம் இதிலேயே கிடந்தேன். நோட்டில் எப்படிப் போட்டாலும் சார்பியல் உடைந்தது, இல்லையேல் லூப் கோட்பாடு உடைந்தது. கோட்பாடே தவறு என்று எழுதிவிடக்கூடத் துணிந்தேன்.

ரொவெல்லியும் சிமோனே ஸ்பெசியாலேயும் 2003-இல் எழுதியது அப்போதுதான் கண்ணில் பட்டது. எலெக்ட்ரானின் தற்சுழற்சியை எந்தத் திசையில் அளந்தாலும் விடை இரண்டே: மேல், கீழ். கருவியைக் கொஞ்சம் சாய்த்தால் இடைப்பட்ட விடை வராது. எது எத்தனை தடவை வரும் என்ற வாய்ப்பு மாறும். பரப்பும் அப்படித்தானாம். ஓடுகிறவருக்கும் அதே மதிப்புகள், சுருங்குவது சராசரி. எழுந்து நின்றுவிட்டேன்.

அப்பாவை எழுப்பிச் சொன்னேன். “அப்போ இடம் துண்டா இல்ல, அளவுதான் துண்டா வருது” என்றார்.

அவருடைய பழைய கேள்விக்கும் விடை அந்தக் கோட்பாட்டுக்குள்ளேயே இருந்தது. அது வரைவது முடிச்சும் இழையுமான ஒரு வலை. கன அளவு முடிச்சில், பரப்பு இழையில். அந்த வலைதான் வெளி. அதனால் முடிச்சுகளுக்கு நடுவே வேறொரு வெளி கிடையாது.

பிறகு மறுபடி சந்தேகம். 2007-இல் பியாங்கா டிட்ரிச்சும் தாமஸ் தீமனும் ஒன்று கேட்டார்கள்: இந்தத் துண்டு மதிப்புகள் கோட்பாட்டின் இயக்க விதியைப் புகுத்துவதற்கு முன் கிடைத்தவை; புகுத்திய பிறகும் நிற்குமா? நிற்காமல் போகலாம் என்று எளிய மாதிரிகளில் காட்டினார்கள். ரொவெல்லி அந்த ஆண்டே மறுத்து எழுதினார்.

என் கட்டுரையில் ‘தூள்தூளானது’ என்ற வரியை அடித்துவிட்டேன். இந்தத் துண்டு மதிப்புகள் தலைகாட்டும் அளவான பிளாங்க் நீளம் 1.6 × 10⁻³⁵ மீட்டர். அதை நேராக அளக்கும் கருவி இன்றுவரை யாரிடமும் இல்லை.