ஏழாவது ஹோல் குளம்

கோல்ஃப் ஆடுவதை விட்டுவிடலாமா என்று போன வருஷம் யோசித்தேன். காரணம் ஒரு குளம்.

நாங்கள் ஆடும் மைதானத்தில் ஏழாவது ஹோலின் டீ, அதாவது முதல் அடி அடிக்கும் இடம், குளத்தின் கரையில் இருக்கிறது. சுற்றிப் போக வழி கிடையாது. பந்து 150 கஜம் பறந்தால்தான் அக்கரை சேரும். ஐம்பது வயதில் அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. எழுபத்திரண்டில் ஒரே நாளில் மூன்று பந்து தண்ணீருக்குள். முப்பது வருஷம் என்னோடு ஆடிய நண்பர், தோளில் ஆபரேஷன் ஆனபிறகு வருவதையே நிறுத்திவிட்டார். "ஆசை இல்லாம இல்லப்பா. அந்தக் குளத்துக்கு முன்னால நிக்க வெட்கமா இருக்கு" என்றார்.

ஹேண்டிகேப் இருக்கிறதே என்பார்கள். அது கணக்கில் சலுகை தரும். பந்தை அக்கரை சேர்க்காது.

நூறு வருஷத்துக்கு முன்பே இதை யோசித்தவர் அலிஸ்டர் மெக்கன்சி. டாக்டராக இருந்து மைதானம் அமைக்க வந்தவர். பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தை உருவாக்கியவர். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தின் 14வது ஹோலுக்கு நான்கு பாதைகளைப் படமாகவே வரைந்து காட்டினார். அங்கே வழியில் 'ஹெல் பங்கர்' என்ற பெரிய மணற்குழி. பலமுள்ளவர் அதைத் தாண்டி அடிக்கலாம். முடியாதவர் இடப்பக்கம் ஒதுங்கிப் போகலாம். ஒரு ஸ்ட்ரோக் கூடும், அவ்வளவுதான். குழி ஒன்றும் சாது இல்லை. 1995 ஓப்பன் போட்டியில் ஜாக் நிக்லஸே அதில் சிக்கி அந்த ஹோலுக்கு 10 ஸ்ட்ரோக் எடுத்தார். கெட்டிக்காரருக்குச் சோதனை, மற்றவருக்கு ஒரு வழி. இரண்டும் ஒரே இடத்தில்.

இதைச் சொல்லித்தான் கமிட்டியிடம் கேட்டோம். குளத்தை மூட வேண்டாம், பக்கவாட்டில் முன்னால் தள்ளி இன்னொரு டீ போதும் என்றோம். போட்டார்கள். ஆனால் 'லேடீஸ் டீ' என்று இளைஞர்கள் சிரித்தார்கள். கேட்டுக் கேட்டு வாங்கிய நானே ஆறு மாதம் அங்கே போகவில்லை. வீம்புதான், வேறென்ன?

போன ஞாயிறு நண்பரை வற்புறுத்தி அழைத்துப் போனேன். இருவரும் புது டீயில் நின்றோம். அவர் அந்த ஹோலை முடிக்க எட்டு ஸ்ட்ரோக் ஆனது. கொடியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, "அடுத்த ஞாயிறும் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.