கொழும்பின் நீர்க்களஞ்சியம்

சதுப்பு என்றதும் நுளம்பும் பாம்பும் நாற்றமுமே நம்மவர் நினைவில் எழுவன. பயனற்ற நிலம், பாழ்நிலம் என்று ஒதுக்குவோரே பலர். ஆயின், அத்தகைய சேற்றையே அரணாகக் கொண்டு ஓர் இராசதானி எழுந்த இடம் நமது தலைநகரின் வாயிலிலேயே இருக்கின்றது.

பொரளையிலிருந்து இராஜகிரிய வழியாகக் கிழக்கே செல்வோர் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையை அடைவர். 14ஆம் நூற்றாண்டில், யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் படைகளைத் தடுக்கும் பொருட்டு, கம்பளை அரசின் அமைச்சரான அழகக்கோனார் இவ்விடத்திற் கோட்டை அமைத்தார். தியவன்னா ஓயாவும் அதனைச் சூழ்ந்த சதுப்பும் அதற்கு இயற்கை அகழியாயின. அரசு மறைந்த பின் சதுப்பின் பெரும்பகுதி நெல்வயலாயிற்று. காலப்போக்கில் வயல்கள் கைவிடப்பட்டன. தரிசைக் கண்டோர் மண்ணைக் கொட்டலாயினர்.

1968ஆம் ஆண்டில், கொழும்பு மாவட்டத்துத் தாழ்நிலங்களை மீட்பதற்கெனச் சட்டத்தால் ஒரு சபை நிறுவப்பட்டது. சதுப்பை மண்ணிட்டு மேடாக்கி வீடும் வீதியும் அமைப்பதே அந்நாளில் ‘மீட்பு’ எனப்பட்டது. இன்றோ அதே சொல்லுக்கு நேர்மாறான பொருள் வந்துவிட்டது. அச்சபையின் வழிவந்த கூட்டுத்தாபனமே இப்பொழுது தலவத்துகொடையில் ‘தியசரு’ என்னும் ஈரநிலப் பூங்காவைப் பேணி வருகின்றது.

இம்மனமாற்றம் எளிதில் வந்ததன்று. கொழும்பில் விழும் மழைநீர் கால்வாய்கள் வழியே களனி கங்கையையும் கடலையும் சேரவேண்டும். கங்கை பெருகி நிற்கும் வேளையில் அந்நீர் உட்புக இயலாது. எங்கேனும் காத்திருக்க வேண்டும். அவ்வாறு அது காத்திருக்குங் களஞ்சியமே சதுப்பு நிலம். களஞ்சியத்தை மூடியதன் பலன் 2010ஆம் ஆண்டு நவம்பரில் வெளிப்பட்டது. ஓரிரவு மழையில் நகரின் வீதிகள் மூழ்கின. தியவன்னா வாவியின் நடுவேயுள்ள பாராளுமன்ற வளாகத்திலும் வெள்ளம் புகுந்தது. கொலன்னாவைச் சதுப்பை அடுத்த மீதொட்டமுல்லைத் தாழ்நிலத்திலோ நகரின் குப்பை மலையாகக் குவிக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு புத்தாண்டுத் தினத்தன்று அம்மலை சரிந்து, அதன் அடியில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 30க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது.

சதுப்பு நிலம் தன் இயல்பில் விடப்பட்டால் எவ்வாறிருக்கும் என்பதைக் காண விரும்புவோர், கோட்டையிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குச் செல்லலாம். வெயில் ஏறுமுன் செல்வது நன்று. சேற்றின்மேற் கட்டிய மரப்பாலங்கள் வழியே கால் நனையாமல் நடக்கலாம். கோரையும் நாணலும் செறிந்த நீர்ப்பரப்பில் நீலக்கோழிகள் நெடுங்கால் வைத்து உலவுகின்றன. நீர்க்காகங்கள் சிறகு விரித்து வெயில் காய்கின்றன. கபரக்கொய்யா ஒன்று நம்மைச் சற்றும் பொருட்படுத்தாது நீரிற் சறுக்கி இறங்குகின்றது. இரவிலே மீன்பிடிப் பூனையும் இச்சதுப்புகளில் இரை தேடுமாம். சிறிது தொலைவில் வாகனங்களின் இரைச்சல் கேட்டுக்கொண்டேயிருக்க, இத்தனை உயிர்கள் இங்கே குடித்தனம் நடத்துகின்றன!

சதுப்பை மீட்பது மரம் நடுவது போன்ற பணியன்று. தண்ணீர் வந்து போவதற்கு வழிவிடுவதே அதன் முதற்படி. தூர்ந்த கால்வாயைத் திறத்தல், கொட்டிய மண்ணை அகற்றல், நீரை மூடும் ஆகாயத்தாமரையை வாருதல் ஆகியன அதன் பின் வருவன. சில வேளை மரத்தை வெட்டவும் நேரிடும். நமது அன்னமுன்னாவுக்கு உறவான ஓர் அமெரிக்க மரம் இங்கு வேரூன்றி, திறந்த சதுப்பைக் காடாக்கி வருகின்றது. அதனைக் களையாவிடின் நாணலுக்கும் நீர்ப்பறவைக்கும் இடமில்லை.

2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் துபாயில் நடைபெற்ற ராம்சார் மாநாட்டில், உலகின் முதல் 18 ஈரநில நகரங்களுள் ஒன்றாகக் கொழும்பு அங்கீகரிக்கப்பட்டது. பெருமைப்படத்தக்க செய்தியே. எனினும், பட்டம் பெற்றமையால் மண் கொட்டுவது முற்றாக நின்றுவிடவில்லை. அழகிய பூங்கா ஒன்றிரண்டைக் காட்டிவிட்டு, எஞ்சிய சதுப்புகளைச் சிறுகச் சிறுக மூடுவோமாயின் பட்டத்தாற் பயனென்ன? நீருக்கு நாம் இடங்கொடாவிடின் அது தானே இடந்தேடிக்கொள்ளும். அவ்வாறு தேடிச் சென்று முதலிற் புகுவது பெரும்பாலும் ஏழையின் அடுக்களைக்குள்ளேயாம்.

விடுமுறையிற் கொழும்புக்கு வரும் பெற்றோர், காலிமுகத்திடலையும் மிருகக்காட்சிச்சாலையையும் காட்டுவதோடு நில்லாது, பிள்ளைகளை ஒருநாட் காலை இச்சதுப்புக்கும் அழைத்துச் செல்வாராக. நீர் எங்கிருந்து வருகின்றது, எங்கே தங்குகின்றது, எங்கே போகின்றது என்னும் மூன்று கேள்விகளுக்கும் அங்கே அவர்கள் கண்ணாலேயே விடை காண்பர்.