தேசிங்கு ராஜா ரிட்டர்ன்ஸ்!

'ஒரே ஒரு வரம் கேளு'ன்னு சாமி நேர்ல வந்தா என்ன கேப்பீங்க பாஸ்? 'அரியர் எல்லாம் க்ளியர் ஆகணும்'தானே? உஷாரா கேளுங்க. நித்தியத்துவம் கேக்கப் போய், நாக்கு பிறண்டு நித்திரத்துவம்னு கேட்ட கும்பகர்ணன் கதை தெரியும்ல? ஆறு மாசம் குறட்டை!

ஞாயித்துக்கிழமைன்னா செஞ்சியில எங்க வீட்டு மொட்டை மாடிக்கு நான்தான் சாமி. ஆட்டம், 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-ல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு அமெரிக்கர்கள் கொண்டு வந்தது. பேப்பர், பென்சில், பகடை, நல்ல வாய்... இவ்வளவு போதும். ஆளுக்கொரு வீரனாவோ மந்திரவாதியாவோ மாறிக் கதையை நகர்த்தணும். கதையை நடத்துறவர் 'டன்ஜன் மாஸ்டர்'.

எங்க கதை நடக்கிறதும் செஞ்சிக்கோட்டையிலதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை, கல்யாண மஹால்... இந்த மாதிரி செட் எங்க கிடைக்கும்? (2025-ல யுனெஸ்கோவே பட்டியல்ல சேர்த்துடுச்சுல்ல!) மூணு மாசம் ஆடி, ராஜகிரி உச்சிக்கு வந்தாச்சு. க்ளாஸ்ல வாயே திறக்காத எங்க ஊர்ப் பையன் ஒருத்தன்தான் மந்திரவாதி. அவன் கையில 'விஷ்' மந்திரம். ஒன்பதாம் லெவல். எதை வேணா கேக்கலாம்.

"தேசிங்கு ராஜா உயிரோட வரணும்"னான்.

ரூல்புக்கைப் புரட்டினேன். உயிர்ப்பிக்கிற மந்திரம் செத்து 100 வருஷம் வரைக்கும்தான் பலிக்கும். அதைவிடப் பெரிசு ஒண்ணு இருக்கு, அதுக்கு 200. ஆற்காடு நவாப் படையோட மோதி தேசிங்கு செத்தது 1714-ல. ஆக, விஷ் ஒண்ணுதான் வழி. பய கணக்குப் போட்டுத்தான் கேட்டிருக்கான்!

நான் விட்டேனா? கேட்டதை வளைக்க மாஸ்டருக்கு ரூல்லயே இடம் உண்டு. "வந்துட்டார். முந்நூறு வயசுக் கிழவரா. பல்லில்லாம சிரிக்கிறார்"னேன். மாடியே அதிர்ந்துச்சு. அவன் மட்டும் பென்சிலை வெச்சுட்டு எழுந்து போயிட்டான். ரெண்டு ஞாயிறு ஆள் வரல.

காலேஜ் பஸ்ல பிடிச்சேன். "எங்க தாத்தா அந்தக் கதையைச் சொல்லித்தான்டா என்னைத் தூங்க வைப்பார். போன மாசம்தான் அவர்..." மேல பேசல. இறங்கும்போது, "கஷ்டம் குடு, ஏத்துக்கறேன். கிண்டல் பண்ணாத"ன்னான்.

சுருக்குன்னுச்சு. ராத்திரி உக்காந்து பழைய பதிப்புகளைத் தேடினேன். ரெண்டாவது பதிப்புல விஷ் போட்டா மந்திரவாதிக்கு 5 வயசு கூடிடும். 2000-ல வந்த மூணாவதுல 5,000 அனுபவப் புள்ளி காலி. நாங்க ஆடுற 2014 பதிப்புல, இன்னொரு மந்திரத்தைக் காப்பியடிக்காம புதுசா எதையாவது கேட்டா, சில நாளைக்கு உடல் பலம் 3-க்கு இறங்கும். மறுபடி விஷ் போடவே முடியாமப் போக 33 சதவிகித சான்ஸ் வேற. எல்லாத்துலயும் பாருங்க, விலை முன்னாடியே தெரியுது. தெரிஞ்சு துணியறவனுக்கு அது ஆட்டம். கேட்ட பிறகு வார்த்தையில ஓட்டை தேடிக் கவுக்கறது? நான் பண்ணினது அதைத்தான்.

அடுத்த ஞாயிறு சீனை ரீவைண்ட் பண்ணினோம். "ராஜா வாலிபனாவே வருவார். ஆனா 33-க்குள்ள விழுந்தா உன் விஷ் போச்சு. ஓகேவா?"

உருட்டினான். 21.

யாரும் மூச்சு விடல. பய சிரிக்கிறான்! "போனாப் போகுதுடா... ராஜா எங்க நிக்கறார், அதைச் சொல்லு."